மேகக் கணிமையும் வணிக நிறுவனங்களும்: ஒரு வரலாறு

மேகக் கணிமை என்பது கணினியின் செயல்திறன், சேமிப்பு இடம், மென்பொருள் ஆகியவற்றை விலைக்கு வாங்காமல், இணையத்தின் வழியே தேவைப்படும் நேரத்தில் தேவைப்படும் அளவுக்கு வாடகைக்குப் பெறும் முறையாகும். வலையமைப்புகளின் வரைபடங்களில், விவரம் காட்டத் தேவையில்லாத பகுதியை மேகம் போல வரைந்து விடுவது பொறியாளர்களின் வழக்கம். அந்தப் படத்திலிருந்தே இப்பெயர் வந்தது. உண்மையில் அங்கே மேகம் ஏதும் இல்லை. வேறொருவருக்குச் சொந்தமான கட்டடம், அதனுள் ஆயிரக்கணக்கான சர்வர்கள், அவற்றுக்கான மின்சாரம், குளிரூட்டும் கருவிகள், காவல் ஆகியவையே இருக்கின்றன.

திருமணம் நடத்தும் குடும்பம் அண்டாவும் குண்டானும் விலைக்கு வாங்குவதில்லை. பாத்திரக்கடையில் வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பித் தருகிறது. வணிக நிறுவனங்கள் மேகக் கணிமையை நாடியதற்கும் அடிப்படைக் காரணம் இதுவே. ஆனால் பாத்திரம் வாடகைக்குக் கிடைத்தாலும் சமையலின் பொறுப்பு வீட்டாருடையதுதான். இதை நிறுவனங்கள் எவ்வாறு கற்றுக்கொண்டன என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது.

முன்வரலாறு: வாடகை புதிதல்ல

கணினியை வாடகைக்கு எடுப்பது இணையத்தைவிடப் பழைய வழக்கம். துளை அட்டை இயந்திரங்களின் காலத்திலிருந்தே ஐ.பி.எம். நிறுவனம் தன் இயந்திரங்களைப் பெரும்பாலும் வாடகைக்கே விட்டது. 1950களிலும் 1960களிலும் ஒரு கணினி ஒரு பெரிய அறையை நிரப்பும். அதன் விலையைத் தாங்கும் நிறுவனங்கள் சிலவே.

அத்துடன் அக்காலக் கணினி ஒரு நேரத்தில் ஒருவருடைய வேலையை மட்டுமே செய்தது. இந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்ததே நேரப் பகிர்வு முறை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழு 1961இல் இம்முறையைச் செயல்படுத்திக் காட்டியது. கணினி தன் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு மாறி மாறித் தரும். ஒவ்வொருவருக்கும் கணினி முழுவதும் தமக்கே கிடைத்தது போலத் தோன்றும். அதே ஆண்டில் எம்.ஐ.டி.யில் உரையாற்றிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணிப்பும் ஒருநாள் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அமையலாம் என்ற கருத்தை முன்வைத்தார்.

1960களின் நடுப்பகுதியிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் நேரப் பகிர்வை வணிகச் சேவையாக விற்கத் தொடங்கின. அலுவலகத்தில் ஒரு தட்டச்சு முனையம் இருக்கும். தொலைபேசிக் கம்பி வழியே அது தொலைவிலுள்ள கணினியுடன் பேசும். பயன்படுத்திய நேரத்துக்குக் கட்டணம். இன்றைய மேகக் கணிமையின் சாரம் இதிலேயே இருக்கிறது.

ஆனால் இந்த வணிகம் நிலைக்கவில்லை. 1970களில் சிறு கணினிகளும், 1981இல் ஐ.பி.எம். தனியாள் கணினியும் வந்தபின், சொந்தமாக வாங்குவதே மலிவாகியது. நிறுவனங்கள் தத்தம் கட்டடத்திலேயே சர்வர் அறைகளை அமைத்துக்கொண்டன. எது மலிவோ, எது வசதியோ, அதன்பக்கம் நிறுவனங்கள் சாயும். இந்த ஊசல் பின்னரும் ஒருமுறை ஆடியது.

மீண்டும் வாடகை: 1998 முதல் 2006 வரை

சொந்த சர்வர் அறைகளுக்கும் குறைகள் இருந்தன. ஆண்டில் சில நாள்களே வரும் உச்ச நெரிசலைக் கணக்கிட்டு சர்வர்களை வாங்க வேண்டும். மற்ற நாள்களில் அவை பெரும்பாலும் சும்மா இருக்கும். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்துவிட்டாலோ, புதிய சர்வர் வாங்கிப் பொருத்த வாரக்கணக்கில் ஆகும்.

இதற்குத் தீர்வாக மூன்று வளர்ச்சிகள் ஒன்றுசேர்ந்தன. முதலாவது மெய்நிகராக்கம். ஒரே இயந்திரத்தை மென்பொருளின் உதவியால் பல தனித்தனிக் கணினிகள் போலச் செயல்பட வைப்பது இது. பெருங்கணினிகளில் 1960களிலிருந்தே இருந்த இந்த நுட்பத்தை, 1998இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம் சாதாரணக் கணினிகளுக்கும் கொண்டுவந்தது. இரண்டாவது, இணைய இணைப்பின் வேகமும் பரவலும். மூன்றாவது, மென்பொருளை இணையம் வழியே சந்தாவுக்குத் தரும் வணிக முறை. 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட சேல்ஸ்போர்ஸ் இதில் முன்னோடி. விற்பனைத் துறைக்கான மென்பொருளைக் குறுந்தகட்டில் விற்காமல், உலாவி வழியே பயன்படுத்தும் சேவையாக அது விற்றது.

2006 ஒரு திருப்புமுனை ஆண்டு. மார்ச் மாதத்தில் அமேசான் நிறுவனம் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையை வெளியிட்டது. ஒரு ஜிகாபைட்டைச் சேமிக்க மாதம் 15 சென்ட் கட்டணம். ஆகஸ்ட் மாதத்தில் இசி2 என்ற மெய்நிகர் கணினிச் சேவை சோதனை முறையில் வந்தது. அதற்கு மணிக்கு 10 சென்ட். அதே மாதத்தில் கூகுளின் தலைவர் எரிக் ஷ்மிட் ஒரு மாநாட்டில் மேகக் கணிமை என்ற சொல்லைப் பயன்படுத்த, அது பரவலாயிற்று. கூகுள் 2008இல் ஆப் எஞ்சினைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் அஸூர் 2010இல் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது.

பண்டிகைக் காலம் முடிந்தபின் சும்மா கிடந்த சர்வர்களை வாடகைக்கு விடுவதற்காகவே அமேசான் இதைத் தொடங்கியது என்று ஒரு கதை உலவுகிறது. அதன் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் இதை மறுத்துள்ளார். சிந்தித்தாலும் இக்கதை பொருந்தவில்லை. அடுத்த பண்டிகை வந்ததும் வாடிக்கையாளர்களிடமிருந்து சர்வர்களைத் திரும்பப் பிடுங்க முடியாதல்லவா?

புதிய முறையின் பயனைத் தொடக்கத்திலேயே காட்டியது நியூயார்க் டைம்ஸ் நாளிதழ். 19ஆம் நூற்றாண்டு முதலான தன் பழைய இதழ்களிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கட்டுரைகளை, பட வடிவத்திலிருந்து பி.டி.எஃப். கோப்புகளாக மாற்ற வேண்டியிருந்தது. 2007இல் அமேசானிடம் 100 மெய்நிகர் கணினிகளை வாடகைக்கு எடுத்து, ஏறக்குறைய ஒரே நாளில் அந்த வேலை முடிக்கப்பட்டது. ஒருமுறை மட்டுமே செய்யவேண்டிய இந்த வேலைக்காக 100 கணினிகளை யாரும் விலைக்கு வாங்கியிருக்க மாட்டார்கள்.

நெட்ஃபிளிக்ஸின் ஏழாண்டு இடமாற்றம்

ஒரு நிறுவனம் முழுமையாக மேகத்துக்கு மாறுவது எவ்வளவு கடினம் என்பதை அறிய நெட்ஃபிளிக்ஸின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டு. 1997இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், திரைப்பட டிவிடிகளை அஞ்சலில் அனுப்பும் தொழிலைச் செய்துவந்தது. 2007இல் இணையம் வழியே படம் காட்டும் சேவையையும் சேர்த்துக்கொண்டது.

2008 ஆகஸ்ட் மாதத்தில் அதன் தரவு மையத்தில் இருந்த தரவுத்தளம் பழுதடைந்தது. எந்த டிவிடி யாருக்குப் போகவேண்டும் என்ற விவரம் கிடைக்காததால் மூன்று நாள்கள் ஒரு டிவிடியும் அனுப்ப முடியவில்லை. ஒரே ஓர் இடத்தில் ஏற்படும் பழுது முழு வணிகத்தையும் நிறுத்திவிடும் என்பது அப்போது தெளிவாயிற்று. சொந்தத் தரவு மையங்களை மேலும் கட்டுவதைவிட அமேசானின் சேவைக்கு மாறுவது என்று நிறுவனம் முடிவு செய்தது. இதில் ஒரு வியப்பும் உண்டு. அமேசான் 2006 முதலே இணையத்தில் திரைப்படங்களை வழங்கிவந்தது. அதாவது நெட்ஃபிளிக்ஸ் தன் போட்டியாளரிடமே வாடகைக்குக் குடியேறியது.

எளிய வழி ஒன்று இருந்தது. பழைய மென்பொருளை அப்படியே தூக்கி அமேசானின் கணினிகளில் வைத்துவிடலாம். அவ்வாறு செய்தால் பழைய குறைகளும் உடன் வந்துவிடும் என்று நெட்ஃபிளிக்ஸின் பொறியாளர்கள் கருதினர். எனவே மென்பொருளையே புதிதாக எழுதினர். ஒரே பெரும் நிரலாக இருந்ததை நூற்றுக்கணக்கான சிறு சேவைகளாகப் பிரித்தனர். படம் தேடுவது ஒரு சேவை, பரிந்துரைப்பது வேறொரு சேவை என்று ஒவ்வொன்றும் தனித்து இயங்கும். ஒன்று நின்றாலும் மற்றவை ஓடும். தரவுகளும் ஒரே பெரிய தரவுத்தளத்திலிருந்து பல கணினிகளில் பரவிக் கிடக்கும் தரவுத்தளங்களுக்கு மாற்றப்பட்டன.

தொழில்நுட்பத்தோடு வேலை முறையும் மாறியது. முன்பு புதிய சர்வர் வேண்டுமென்றால் மையத் துறையிடம் கேட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து பெறவேண்டும். இப்போது ஒவ்வொரு சிறு குழுவும் தானே கணினிகளை எடுத்துக்கொண்டு, தன் சேவைக்குத் தானே பொறுப்பேற்றது.

இந்த மாற்றம் முடிய ஏழு ஆண்டுகள் ஆயின. பணம் வசூலிக்கும் பகுதி கடைசியாகவே மாற்றப்பட்டது. 2016 ஜனவரியில் படச் சேவைக்குப் பயன்பட்ட கடைசிச் சொந்தத் தரவு மையமும் மூடப்பட்டது. அதே மாதத்தில் நிறுவனம் ஒரே நாளில் 130க்கும் மேற்பட்ட நாடுகளில் புதிதாகச் சேவையைத் தொடங்கியது. எல்லாவற்றையும் வாடகைக்கு விட்டுவிட்டதாகவும் கொள்ளக் கூடாது. படங்களைப் பார்வையாளர் வரை கொண்டு சேர்க்கும் ஓபன் கனெக்ட் என்ற வலையமைப்பை 2012 முதல் நெட்ஃபிளிக்ஸ் சொந்தமாகவே நடத்திவருகிறது.

பழுதை எதிர்பார்த்து வாழ்தல்

மேகத்தில் உள்ள கணினியும் பழுதாகும். இதை ஏற்றுக்கொண்ட நெட்ஃபிளிக்ஸ், கேயாஸ் மங்கி என்ற விந்தையான மென்பொருளை உருவாக்கியது. கடைக்குள் புகுந்த குரங்கைப் போல, வேலை நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களுள் ஏதேனும் ஒன்றை இது வேண்டுமென்றே நிறுத்திவிடும். அப்போதும் சேவை தடைபடாதபடி மென்பொருளை எழுதுவது பொறியாளர்களின் கடமை. பள்ளிகளில் தீயணைப்பு ஒத்திகை நடத்துவது போன்ற பயிற்சி இது. 2012இல் இந்த மென்பொருள் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டது.

இந்தப் பயிற்சிக்கு 2011 ஏப்ரலில் பலன் கிடைத்தது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அமேசானின் சேவை பெரிதும் பாதிக்கப்பட்டபோது ரெடிட், குவோரா போன்ற தளங்கள் முடங்கின. நெட்ஃபிளிக்ஸ் பெரும் பாதிப்பின்றித் தப்பியது. ஆனால் 2012 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸ் முந்தைய இரவில், அதே பகுதியில் ஏற்பட்ட வேறொரு பழுது நெட்ஃபிளிக்ஸையும் நிறுத்தியது. ஒரு சர்வர் நின்றால் சமாளிக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, ஒரு வட்டாரம் முழுவதும் பாதிக்கப்பட்டால் சமாளிக்க அப்போது வழியில்லை. அதன்பின் ஒரே நேரத்தில் பல வட்டாரங்களிலிருந்து இயங்கும் அமைப்பை அது உருவாக்கியது.

திரும்பி வந்தவர்கள்

எல்லா நிறுவனங்களின் பயணமும் ஒரே திசையில் செல்லவில்லை. கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம் தொடக்கத்தில் பயனர்களின் கோப்புகளை அமேசானின் எஸ்3 சேவையிலேயே வைத்திருந்தது. சிறு நிறுவனமாக இருந்தபோது அது பெரும் உதவி. பயனர்கள் கோடிக்கணக்கில் பெருகியபின், மாதந்தோறும் கட்டும் வாடகை சொந்த வீட்டுக்கான செலவை விஞ்சியது. சேமிப்பே டிராப்பாக்ஸின் தொழில். அதன் தேவையும் உச்சமும் தாழ்வுமாக ஆடாமல் சீராக வளர்ந்துவந்தது.

எனவே டிராப்பாக்ஸ் தனக்கென்று சேமிப்பு அமைப்பை வடிவமைத்து, 500 பெட்டாபைட்டுக்கும் மேற்பட்ட தரவை அதற்கு மாற்றியது. பயனர் தரவில் ஏறத்தாழ 90 விழுக்காடு சொந்த அமைப்புக்கு வந்துவிட்டதாக 2016இல் அறிவித்தது. 2018இல் பங்குச் சந்தைக்கு வருமுன் தாக்கல் செய்த ஆவணத்தில், இந்த மாற்றத்தால் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் மிச்சமானதாகக் குறிப்பிட்டது.

வெளியேறுவது எல்லோருக்கும் எளிதல்ல. ஒரு வழங்குநருக்கே உரிய சேவைகளைச் சார்ந்து மென்பொருளை எழுதிவிட்டால், மாறும்போது மீண்டும் எழுத வேண்டியிருக்கும். தரவை வெளியே எடுக்கவும் கட்டணம் வசூலிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இது குறித்துச் சட்டம் இயற்றிய பின்னணியில், முழுமையாக வெளியேறும் வாடிக்கையாளர்களுக்கு இக்கட்டணத்தைக் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024இல் நீக்கின.

பொறுப்பு யாருடையது?

மேகச் சேவை நிறுவனங்கள் பகிரப்பட்ட பொறுப்பு என்ற கொள்கையைப் பின்பற்றுகின்றன. கட்டடம், மின்சாரம், இயந்திரம் ஆகியவற்றின் பாதுகாப்பு வழங்குநரைச் சேரும். அவற்றின் மேல் வைக்கும் தரவு, யாருக்கு எந்த அனுமதி என்ற அமைப்பு ஆகியவை வாடிக்கையாளரைச் சேரும். வாடகை வீட்டின் சுவர் உரிமையாளருடையது. கதவைப் பூட்டுவது குடியிருப்பவர் வேலை.

இதன் பொருளைக் கேப்பிட்டல் ஒன் என்ற அமெரிக்க வங்கி பெரும் விலை கொடுத்து அறிந்தது. தன் தரவு மையங்கள் அனைத்தையும் மூடிவிட்டு அமேசானுக்கு மாறும் திட்டத்தில் முன்னணியில் இருந்த வங்கி அது. 2019இல், தவறாக அமைக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு மென்பொருளின் வழியே ஒருவர் உள்நுழைந்து, அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர், கனடாவில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் ஆகியோரின் விவரங்களை எடுத்தது வெளியானது. வங்கிகளை மேற்பார்வையிடும் அமெரிக்க அரசு அமைப்பு 2020இல் அவ்வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது. அவ்வங்கி மேகத்தைக் கைவிடவில்லை. அதே ஆண்டில் தன் கடைசித் தரவு மையத்தையும் மூடியது.

தவறு வழங்குநர் பக்கமும் நேரலாம். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்ற ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியம், தன் கணினி அமைப்பைக் கூகுள் மேகத்தில் வைத்திருந்தது. அமைப்பு நிறுவப்பட்டபோது கூகுள் பக்கத்தில் ஒரு விவரம் நிரப்பப்படாமல் விடுபட்டதால், 2024 மே மாதத்தில் நிதியத்தின் தனி மேக அமைப்பு தானாகவே அழிந்தது. அதிலிருந்த பிரதிகளும் சேர்ந்தே போயின. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் மேலாகத் தம் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு வழங்குநரிடம் தனியாக வைத்திருந்த காப்பு நகல்கள் மீட்புப் பணிக்குப் பெரிதும் உதவின. முட்டைகள் அனைத்தையும் ஒரே கூடையில் வைக்காத முன்யோசனை பலருடைய ஓய்வூதியக் கணக்கைக் காத்தது.

இந்தியாவில் மேகக் கணிமை

இந்திய நிறுவனங்களுக்குத் தரவு எங்கே இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. தொலைதூர நாட்டில் உள்ள சர்வரிலிருந்து தரவு வந்துபோகக் கூடுதல் நேரமாகும். நம் நாட்டுச் சட்டமும் தரவு இங்கேயே இருக்கவேண்டும் என்று கேட்கலாம். 2015 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் இந்தியத் தரவு வட்டாரங்களைத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று சென்னை. அமேசான் 2016இலும் கூகுள் 2017இலும் மும்பையில் தொடங்கின. பணப் பரிமாற்றத் தரவுகளை இந்தியாவில் மட்டுமே சேமிக்க வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. தகவல் தொழில்நுட்பப் பணியை வெளியாரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு வங்கியையே சேரும் என்பதை 2023இல் வெளியிட்ட விதிகளில் அது உறுதிப்படுத்தியது.

சொந்தமா வாடகையா என்ற கேள்விக்கு இரு விடைகளையும் சென்னையிலேயே காணலாம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009இல் சோகோ எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், தன் சேவைகளைச் சொந்தத் தரவு மையக் கட்டமைப்பில் நடத்துகிறது. சோகோவில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம், தம் நண்பருடன் 2010இல் தொடங்கிய பிரஷ்டெஸ்க், அமேசானின் வாடகைக் கணினிகளில் வளர்ந்தது. பிரஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. நிலையான பயனர் கூட்டமும் நீண்டகாலத் திட்டமும் உடைய நிறுவனத்துக்குச் சொந்தக் கட்டமைப்பு பொருந்தியது. கையில் பெரிய மூலதனம் இன்றி விரைந்து வளரவேண்டிய நிறுவனத்துக்கு வாடகை பொருந்தியது.

நிறைவாக

இந்த வரலாற்றிலிருந்து, மேகத்துக்கு மாற எண்ணும் எந்த நிறுவனமும், அது சிறு கடையாக இருந்தாலும், கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகள் கிடைக்கின்றன. நம் தேவை ஏறி இறங்குமா, சீராக இருக்குமா? பழைய வேலை முறையை மாற்ற நாம் தயாரா? இந்த வழங்குநரின் சேவை நின்றால் நம் தொழில் எத்தனை நாள் தாங்கும்? காப்பு நகல் வேறோர் இடத்தில் இருக்கிறதா? அதிலிருந்து தரவை மீட்டெடுத்துப் பார்த்திருக்கிறோமா? நாளை வெளியேற வேண்டுமென்றால் வழி உண்டா?

நேரப் பகிர்வுக் காலத்திலிருந்து இன்றுவரை இயந்திரம் அறையிலிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து மேகத்துக்கும் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. டிவிடிக்காகக் காத்திருந்த வாடிக்கையாளரும், ஓய்வூதியக் கணக்கைத் திறக்க முயன்ற முதியவரும் சர்வர் யாருடையது என்று கேட்கவில்லை. தாம் நம்பிய நிறுவனத்தையே கேட்டனர். இயந்திரத்தை வாடகைக்குப் பெறலாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கடமையை மட்டும் வாடகைக்கு விட முடியாது.